குலதெய்வத்துக்குக் கிளம்பிய கக்கூஸ் வண்டி

எங்கள் வீட்டு ஆண்களுக்கு மதுரையில் இருக்கும் சுவர் எல்லாம் சொந்தம். பைக்கை ஓரங்கட்டுவார்கள், திரும்பி நிற்பார்கள், வேலை முடிந்தது. அப்பேர்ப்பட்டவர்கள்தான் நான் வாசலில் கட்டிக்கொண்டிருந்த குட்டி டிரெய்லரைப் பார்த்து, இதற்குள் எதற்குக் கக்கூஸ் என்று கேட்டார்கள்.

மெக்கானிக்கல் முடித்துவிட்டு வேலைக்கான மெயிலுக்குக் காத்திருந்த மாதங்கள். வெளிநாட்டுக்காரர்கள் காருக்குப் பின்னால் ஒரு குட்டி வீட்டையே இழுத்துக்கொண்டு போவதை யூடியூபில் பார்த்துவிட்டு, அவனியாபுரத்தில் எங்கள் வாசலிலேயே ஒன்றைக் கட்ட ஆரம்பித்தேன். ஊர் சுற்ற என்று எல்லோரிடமும் சொன்னேன். பொய். அம்மாவுக்காகக் கட்டினேன்.

எங்கள் குலதெய்வம் உசிலம்பட்டி தாண்டி ஒரு பொட்டலில் இருக்கிறது. மாசி மாதம் பங்காளிகள் எல்லோரும் கிளம்பிப் போய், பொங்கல் வைத்து, கிடா வெட்டி, சாப்பிட்டுத் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். மறைவு என்று பார்த்தால் நாலு கருவேல மரம். அதன் நிழலிலும் ஆண்கள் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். அதனால் அம்மா முதல் நாள் மத்தியானத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். வெயிலில், அடுப்பு முன்னால், அப்படியே ஒரு முழு நாள். வந்த பிறகு ஒரு வாரம் நீர்க்கடுப்பும் காய்ச்சலும். போன வருடம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் கிட்னிக்குப் போய்விடும் என்று டாக்டர் திட்டினார். அப்பா அதை ‘சூடு’ என்றார். இரண்டு இளநீர் வாங்கி வந்தார். தியாகி.

பழைய கார் ஒன்றின் அச்சு, சதுரக் குழாயில் சட்டம், பிளைவுட், கடை போர்டுக்கு அடிக்கும் ஷீட். இவ்வளவுதான் வண்டி. வெல்டிங் பட்டறை அண்ணன் அளவைப் பெண்பிள்ளையான என்னிடம் வாங்கிக்கொண்டு சந்தேகத்தை அப்பாவிடம் கேட்பார். அப்பாவுக்கு ஸ்பேனருக்கும் கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாது. கரண்டியையும் அவர் பிடித்ததில்லை.

சித்தப்பா தினமும் வந்து அம்மா போட்ட டீயைக் குடித்தபடி மேற்பார்வை பார்ப்பார்.

“அம்புட்டுக் காடு கெடக்கு. இதுக்குப் போயி கக்கூஸ் கட்டிக்கிட்டு. அந்த எடத்துல ஒரு பீரோவ வையி.”

கக்கூஸ் தடுப்புப் பலகையில் ஈரம் இறங்காமல் இருக்க, அவர் மகன் காதுகுத்துக்கு அடித்த ஃப்ளெக்ஸை வெட்டி ஒட்டினேன். படம் பலகைப் பக்கம், வெள்ளை வெளியே. கும்பிட்ட கையோடு அவர் இன்றைக்கும் அதற்குள்தான் சிரித்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

வேலை முடிந்ததும் அம்மாவைக் கூட்டி வந்து காட்டினேன். பெட்டி மேல் சீட், அடியில் வாளி, பக்கத்தில் போட்டு மூட மரத்தூள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“வெளிய சத்தம் கேக்குமா?”

நாலு வருடம் படித்த எனக்கு அது தோன்றவே இல்லை. அவளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினேன். கேட்கிறது என்றாள். ஃப்ரிட்ஜ் வந்த தெர்மகோலைச் சுற்றிலும் அடைத்தேன். லேசாகக் கேட்கிறது என்றாள். பழைய போர்வையை மடித்துக் கதவில் அடித்தேன். மூன்றாவது முறை ஊற்றியபோது, எப்போது ஊற்றப் போகிறாய் என்று வெளியிலிருந்து கேட்டாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் சித்தப்பா வந்து அப்பாவின் காதைக் கடித்துவிட்டுப் போனார். அதன் பிறகு அப்பா, டிரெய்லரை இழுக்க இருந்த எங்கள் ஜீப்பின் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“சாமி கும்பிடப் போற எடத்துக்குக் கக்கூஸ இழுத்துட்டு வரச் சொல்றியா? பங்காளிய்ங்க காறித் துப்புவாய்ங்க.”

அதே இடத்தில் பாட்டில் திறப்பதையும், கோயில் மதிலுக்குப் பின்னாலேயே பங்காளிகள் வரிசையாக நிற்பதையும் சாமி பொறுத்துக்கொள்கிறதே என்றேன். பொட்டச்சிக்கு வாய் நீளம் என்று பதில் வந்தது. பதில் தெரியாதபோதெல்லாம் வருகிற பதில்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

“அப்ப நான் வரல. மொதப் பானைய வேற யாரையாச்சும் வைக்கச் சொல்லுங்க.”

மூத்த மருமகள் முதல் பானை வைக்காமல் எங்கள் கோயிலில் பூசை தொடங்காது. இவர்களே போட்ட சட்டம். அப்பா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். எழுந்து போய், டிரெய்லரை மாட்ட ஜீப்பைப் பின்னால் எடுத்தார்.

கோயில் எல்லைக்கு வெளியே, கருவேல மரங்களுக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தினோம். சீட்டாட்டக் கோஷ்டியை எழுப்பி அனுப்ப வேண்டியிருந்தது. முதல் பானை பொங்கியதும் அம்மா நேராக வண்டிக்குப் போனாள். அவள் இறங்கி வந்ததைப் பார்த்து அத்தை போனாள். பதினொரு மணிக்கெல்லாம் பெண்கள் வரிசை நின்றது. கருமம் பிடித்த வண்டி என்று காலையில் முகத்தைச் சுளித்த சித்தி இரண்டாவது ரவுண்டில் நின்றாள்.

சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தபோது வரிசையில் ஏழு பேர். முந்தின நாள் அடித்த பரோட்டா வேலையைக் காட்டியிருந்தது.

“மதினி, கொஞ்சம் அவசரம்.”

அம்மா அவரைப் பார்த்தாள். கோபம் எல்லாம் இல்லை. வழி சொல்கிற முகம்.

“அம்புட்டுக் காடு கெடக்கே தம்பி. போயிட்டு வாங்க.”

அவர் நடக்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் போனார். அம்மா கையிலிருந்த பாட்டிலை அண்ணாந்து காலி செய்து என்னிடம் நீட்டினாள். நிரப்பிக் கொண்டு வரச் சொன்னாள். அன்றைக்கு அது மூன்றாவது பாட்டில்.