மூன்றாவது கையெழுத்து

நகல் எடுக்கும் மெஷினின் கண்ணாடியில் வாயால் ஊதி, துணியால் துடைத்து, சாய்ந்து பார்த்து, மறுபடியும் ஊதுகிறார். பிறகு குவளையிலிருக்கும் பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து வீணான தாளில் சுழித்துப் பார்க்கிறார். எழுதாத பேனாக்களுக்குத் தனியாக ஒரு டப்பா வைத்திருக்கிறார். "இரவல் கேக்கறவங்களுக்கு இது. எழுதலைன்னு அவங்களே திருப்பிக் குடுத்துருவாங்க பாருங்க" என்கிறார் என்னிடம். காலை ஒன்பதே முக்கால். எதிரே திருமணப் பதிவு அலுவலகம் திறக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது.

தெருவில் அவருக்குச் சாட்சியக்கா என்று பெயர். சொந்தப் பெயர் அலுவலகப் பதிவேடுகளில் ஏறிய அளவுக்கு யார் வாயிலும் ஏறியதில்லை. வயது ஐம்பத்தாறு. தனிக்கட்டை. பதிவுக் கல்யாணத்துக்குச் சட்டம் மூன்று சாட்சிகள் கேட்கிறது. வீட்டை எதிர்த்து வருகிற பிள்ளைகளுக்கு இரண்டு பேர் எப்படியோ அமைந்துவிடுவார்கள். மூன்றாவது நண்பன்தான் கடைசி நேரத்தில் போனை அணைத்துவிடுவான். உடனே அலுவலக எழுத்தர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "அக்கா, ஒரு கை குறையுது!"

சும்மா போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர் இல்லை அவர். சாட்சிக்கான கட்டத்தில் உறவு முறை என்று ஓர் இடம் உண்டு. அதில் 'தெரிந்தவர்' என்று எழுதுவார். "தெரிஞ்சவங்கன்னு எழுதணும்னா முதல்ல தெரிஞ்சுக்கணும்ல?" என்பது அவர் நியாயம். ஜோடியைப் பெஞ்சில் உட்காரவைத்து, சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். "சண்டை வந்தா யாரு முதல்ல பேசுவீங்க?" இருவரும் எதிராளியைக் கைகாட்டினால், "வெளங்கிடும்" என்று தலையில் அடித்துக்கொண்டு பேனாவை எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

ஒருமுறை ஒரு பெண், எதைக் கேட்டாலும் அந்தப் பையனின் முகத்தைப் பார்த்துவிட்டே பதில் சொன்னாள். சாட்சியக்கா, ஒரு தாளைச் சரிபார்க்க வேண்டும் என்று அவளை மட்டும் மெஷினுக்குப் பின்னால் கூப்பிட்டார். "எனக்கு வேணாம்க்கா. சொல்ல பயமா இருக்கு" என்றாளாம் அந்தப் பெண். பையனிடம், "அடையாள அட்டையில பேரு தப்பா இருக்குப்பா, இன்னிக்கு நடக்காது" என்று முகம் மாறாமல் சொல்லி அனுப்பிவிட்டு, பின்வழியாக அவளைத் தோழி வீட்டில் கொண்டுபோய் விட்டார். "சாட்சி பொய் சொல்லலாமாக்கா?" என்று கேட்டேன். "கையெழுத்துலதாங்க பொய் இருக்கக் கூடாது" என்றார்.

பதிவு செய்வதற்கு முன் ஜோடியின் பெயரையும் முகவரியையும் முப்பது நாள் அலுவலக வாசலிலுள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைப்பார்கள். ஆட்சேபம் இருப்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் யாரும் எழுதுவதில்லை. ஆள் திரட்டிக்கொண்டு நேரே பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். சாட்சியக்காவின் பெயரும் இருபத்து நான்கு வயதில் ஒருமுறை அந்தப் பலகையில் இருந்தது. "ஒன்பதாம் நாள் எங்கப்பா படிச்சுட்டாரு" என்றார். "நல்லாப் படிச்ச மனுசன்." அதற்குமேல் அந்தக் கதையில் அவர் ஒரு சொல்லும் சேர்த்ததில்லை.

கடை இருப்பது சபையின் கட்டடத்தில். சபை என்றால் அவர்கள் மதத்தாரின் பிரார்த்தனைச் சபை. கல்யாணமும் அடக்கமும் அதைக் கேட்டுத்தான் நடக்கும். செயலாளர் சாட்சியக்காவின் சொந்த அண்ணன். சபைக்கு வெளியே கல்யாணம் செய்பவர்களோடு யாரும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று தீர்மானம் எழுதியவரும் அவர்தான். ஊரார் பிள்ளைகளுக்குத் தங்கை கையெழுத்துப் போடுவதை அவர் கண்டுகொண்டதில்லை. சபைப் பிள்ளை யாரும் அதுவரை அந்த அலுவலகத்தில் கல்யாணம் முடித்ததுமில்லை.

போன வருடம் பலகையில் அண்ணன் மகளின் பெயர் வந்தது. பையன் வேறு மதம். ஒட்டிய முதல் நாளே சாட்சியக்கா பார்த்துவிட்டார். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அந்த முப்பது நாளில் அண்ணன் இரண்டு தடவை கடைக்கு வந்தார். இரண்டு தடவையும், "இப்படி உக்காருங்கண்ணே, இங்கதான் காத்து வரும்" என்று பலகைக்கு முதுகு காட்டும்படி நாற்காலியைப் போட்டார்.

முப்பத்தோராம் நாள் பெண் வந்து நின்றாள்.

"அத்தை, ரெண்டு பேரு இருக்காங்க. மூணாவது நீங்கதான்."

"என்னால ஆகாது கண்ணு. வேற யாரையாச்சும் பாரு."

"பலகையில பாத்தீங்கல்ல அத்தை? யார்கிட்டயும் சொல்லலையே."

"வாய மூடிக்கிட்டிருக்கறது சுலபம்டி. பேனாவத் திறக்கறது வேற."

பெண் அழவில்லை, கெஞ்சவுமில்லை. பையனோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். சாட்சியக்கா நான்கு பேருக்கு நகல் எடுத்துக் கொடுத்தார். இரண்டு பேருக்குத் தாளைத் தலைகீழாக வைத்துவிட்டார். "அன்னிக்கு நான் கணக்குப் போட்டேங்க" என்று பிறகு என்னிடம் சொன்னார். "கடை போயிடும். அண்ணன் போயிடுவாரு. செத்தா தூக்க நாலு பேரு வரமாட்டாங்க. எல்லாத்தையும் நினைச்சேன். நினைச்சு முடிச்சுப் பாத்தா, அவ இன்னும் உக்காந்திருக்கா."

ஐந்தாவது ஆளிடம், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுப் பெஞ்சுக்குப் போனார். "சண்டை வந்தா யாரு முதல்ல பேசுவீங்க?"

"அவதாங்க முதல்ல பேசுவா" என்றான் பையன். "நான் முதல்ல அழுதுருவேன்."

சாட்சியக்கா சிரித்துவிட்டார். குவளையிலிருந்து நல்ல பேனாவாக ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார்.

உள்ளே, உறவு முறைக் கட்டத்துக்கு வந்ததும் அவர் கை நின்றது. எழுத்தர் குனிந்து, "எப்பவும் போல 'தெரிந்தவர்'னே போட்ருங்கக்கா, வம்பு வேணாம்" என்று மெதுவாகச் சொன்னார். சாட்சியக்கா 'அத்தை' என்று எழுதினார். திருப்பிப் படித்துவிட்டு, 'த்' மேல் புள்ளி சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை அழுத்தி வைத்தார்.

அந்த வாரமே பிரார்த்தனையில் அவர் உட்கார்ந்த வரிசை காலியாயிற்று. அடுத்த வாரம் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். முப்பது வருடம் பேசிய பெண்கள் கடை வரும்போது எதிர்ப்பக்கம் மாறி நடந்தார்கள். "நம்ம சாமிதானே, வீட்டுக்கே வந்துடும்" என்று சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் வாரம் அண்ணன் வந்தார். நான் பெஞ்சின் ஓரத்தில் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சபையில முடிவு பண்ணிட்டாங்கம்மா. மூணு மாசத்துல காலி பண்ணணும். செயலாளர்னு என் கையெழுத்துதான் வேணும்னுட்டாங்க."

"பாத்தேண்ணே. அழகா போட்டிருக்கீங்க."

"பெற்றுக்கொண்டேன்னு கீழ நீ போடணும்."

போட்டார்.

"சபை ஆபீசுக்கு ஒரு நகல் வேணும்" என்றவர், எங்கே நின்று அதைச் சொல்கிறோம் என்பது உறைத்ததும் தலையைக் குனிந்துகொண்டார். சாட்சியக்கா மூடியைத் தூக்கி, தன்னைக் கடையைவிட்டு அனுப்புகிற தாளை ஓரம் பார்த்து நேராக வைத்தார். முதல் நகல் வெளிறி வந்தது. அதைக் கிழித்துவிட்டு, பளிச்சென்று இன்னொன்று எடுத்துக் கொடுத்தார்.

"எங்க போவ?"

"எதுத்தாப்புலதான். ஆபீஸ் பின்பக்கம் ஒரு ரூம் சும்மா கிடக்கு, பேசிட்டேன். ரோட்டத் தாண்டுற வேலை மிச்சம்."

அண்ணன் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். போகவில்லை. பின்னால் மூன்று பேர் நகலுக்குக் காத்திருந்தார்கள். மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே, தங்கைக்கு மட்டும் கேட்கும்படிதான் பேச நினைத்தார், எனக்கும் கேட்டது.

"காலையில ஒழுங்கா சாப்பிட மாட்டா. இப்ப சாப்பிடறாளா?"

சாட்சியக்கா போனை எடுத்து, அன்று காலை வந்திருந்த ஒரு குரல் பதிவைத் தேடி ஓடவிட்டு, அண்ணனின் காதுப்பக்கமாகத் தள்ளிவைத்தார். "அத்தை..." என்று ஆரம்பித்த மகளின் குரல், மெஷினின் இரைச்சலில் எடுபடவில்லை. அண்ணன் இன்னும் குனிந்தார். சாட்சியக்கா வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, மெஷினை அணைத்தார்.