வலது காது பாஸ்

எங்கள் ஊரில் அப்பாவுக்குத் திமிர் பிடித்தவர் என்று பெயர். அன்னவாசல் கடைத்தெருவில் பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். "மிலிட்டரிக்காரரே, திரும்பிப் பாத்தா கொறஞ்சா போயிருவீங்க?" என்று டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்டார். அதையும் அவர் அப்பாவின் முதுகுக்குப் பின்னால்தான் கேட்டார். வீட்டுக்கு வந்து நான் சொன்னபோது அப்பா சிரித்தார். செவிடன் என்பதற்குத் திமிர் பிடித்தவன் தேவலை என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

பீரங்கிப் படையில் நின்ற வருடங்கள் அவருடைய இரண்டு காதுகளையும் தின்றிருந்தன. எது கேட்கும், எது கேட்காது என்பது எனக்கு மனப்பாடம். இடி கேட்கும். பஸ் ஹாரன் பக்கத்தில் வந்தால் கேட்கும். குக்கர் விசில், சைக்கிள் மணி, கைக்குழந்தையான என் தம்பியின் அழுகை, அம்மாவின் முணுமுணுப்பு கேட்காது. ஆனால் முகத்தைப் பார்த்துப் பேசினால் எல்லாமே கேட்கும். உதடுகளைப் படிக்க அவராகவே பழகியிருந்தார், தமிழிலும் இந்தியிலும்.

அவருக்குச் சாதாரண பென்ஷனோடு ஊனத்துக்கென்று ஒரு பகுதியும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது. படையைவிட்டு வரும்போது மெடிக்கல் போர்டில் அவருடைய காதுகளுக்கு நூற்றுக்கு இருபது என்று போட்டிருந்தார்கள். இருபதுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பகுதி நின்றுவிடும். சில வருடம் கழித்து மறுபடி வந்து காட்ட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். நான் ஆறாம் வகுப்பில் சதவீதக் கணக்கு படித்துக்கொண்டிருந்தபோது அந்த நாள் வந்தது. எங்களுக்கு முப்பத்தைந்து எடுத்தால் பாஸ், அப்பாவுக்கு இருபது போதும் என்பது எனக்குச் சலுகையாகத் தெரிந்தது.

அம்மாவுக்கு அது வேறு கணக்கு. அந்தப் பகுதி நின்றால் அப்பா வெளியூருக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போக வேண்டியிருக்கும். காது கேட்காத மனிதர் ஏதோ ஒரு கம்பெனி கேட்டில் தனியாக நிற்பதை நினைத்தே அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. கிளம்பும் அன்று அப்பாவை நேரே நிறுத்தி, வாயை நன்றாகத் திறந்து சொன்னார்.

"கேக்கலைன்னா சும்மா உக்காந்திருங்க. குத்துமதிப்பா எதையும் அமுக்கிராதீங்க. டாக்டர் கேட்டா, கஷ்டமா இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லுங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "பேரு கூப்பிட்டா அவுகளுக்குக் கேக்காது. நீதான் பாத்துக்கிறணும்."

அதற்காகத்தான் என்னை அனுப்பினார்கள். அன்னவாசலில் பஸ் ஏறி, திருச்சியில் ரயிலுக்கு மாறி, ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். நீண்ட வராந்தாவில் பெஞ்சுகள். கடைசிக் கதவிலிருந்து ஒருவர் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பாவின் பெயர் வந்ததும் நான் அவர் கையை அழுத்தினேன். அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டு நடப்பதற்குள் இரண்டாம் முறையும் கூப்பிட்டுவிட்டார்கள்.

"காது கேக்கலையாய்யா ஒனக்கு?" என்றார் அந்த ஆள்.

"கேக்காது சார்" என்றேன் நான்.

பெஞ்சிலிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆளும் சிரித்துவிட்டார். "அத உள்ள போய்ச் சொல்லச் சொல்லு பாப்பா."

உள்ளே ஒரு சிறிய கண்ணாடி அறையில் அப்பாவை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் பட்டன் ஒன்றைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு வெளியே, மெஷினுக்கு முன்னால் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்ற எனக்கு இருவருமே தெரிந்தார்கள். சத்தம் அனுப்ப மெஷினைத் தட்டும்போதெல்லாம் இளைஞரின் வலது தோள் லேசாக அசையும். உடனே அப்பாவின் கட்டைவிரல் இறங்கும். தோள், விரல். தோள், விரல். ஒன்றுகூடத் தப்பவில்லை. இவ்வளவு கவனமாக அப்பா எதையும் பார்த்து நான் கண்டதில்லை.

இடது காதுக்கு மாறியபோது யாரோ வந்து கண்ணாடியை மறைத்து நின்றுகொண்டு இளைஞரோடு பேச ஆரம்பித்தார்கள். அப்பாவின் விரல் அப்படியே நின்றுவிட்டது.

அடுத்த அறையில் யூனிஃபார்ம் போட்ட டாக்டர். அப்பா விறைப்பாக நின்றார். டாக்டர் முகம் பார்த்து இந்தியில் ஏதோ கேட்டார். அப்பாவின் கண்கள் அவர் உதட்டைவிட்டு நகரவில்லை.

"டீக் ஹை, சாப்!" என்றார் அப்பா.

படையில் எதற்கும் அதுதான் பதில் என்று பிறகு தெரிந்துகொண்டேன். காலில் கொப்புளமா, காய்ச்சலா, கேட்பவர் அதிகாரியென்றால், நன்றாக இருக்கிறேன் ஐயா.

நான் இப்போது மருத்துவக் கருவிகளைப் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். அந்த மெஷினையும் பொருத்தியிருக்கிறேன். எங்கே போனாலும் நோயாளியின் நாற்காலியை முதலில் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடச் சொல்வேன். ஏன் என்று கேட்பவர்களிடம் விதிமுறை என்பேன். அது பொய்யில்லை.

சில மாதம் கழித்து முடிவு வந்தது. பதினைந்து. வலது காதில் நல்ல முன்னேற்றம் என்றிருந்தது. எனக்குத் தெரிந்தவரை உடம்பு முன்னேறினால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள். அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்படிங்க? வலது காதுல ஒங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கல" என்றார் அப்பா. "அந்தத் தம்பி தோளு ஆடுச்சு. கை தானா அமுக்கிருச்சு."

அப்பீல் போட்டார்கள். மெஷின் சொன்னதுக்கு மேலே நாம் என்ன சொல்வது என்று மனு எழுத உதவ வந்தவரே கையை விரித்தார். அப்பா ஒரு மில்லுக்கு வாட்ச்மேனாகப் போனார். காது விஷயத்தை அங்கேயும் சொல்லவில்லை. இரண்டாவது வருடம், கேட்டில் பின்னால் வந்த லாரி அவர் இடது காலில் ஏறியது. அந்தக் காலுக்கு டாக்டர்கள் போட்ட சதவீதம் இருபதைத் தாண்டி எங்கேயோ இருந்தது. ஆனால் அது படையில் வந்த ஊனம் இல்லை. கணக்கில் சேராது.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. முடிவு வந்த அன்று, கை தானாக அமுக்கிவிட்டது என்று அப்பா சொன்னதும், அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ஏதோ சொன்னார். தோள் லேசாக அசைந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"என்னாத்தா சொல்றா?"

அது என் வேலை. ஒரு சொல் விடாமல், அவர் முகத்தைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன்.

"'பட்டாளத்துல எல்லாத்துலயும் பாஸ் பண்ணுன மனுசன், இதுல மட்டும் ஃபெயிலாவாரா'ன்னு சொல்றாங்கப்பா."

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். தலையை மெதுவாக ஆட்டினார். அம்மா அவரைப் பாராட்டியிருக்கிறார், அவருக்கும் அதில் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன். அவருக்குக் கேட்கக் கூடாது என்றுதான் அம்மா திரும்பி நின்றார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.