எல்லையில் மாட்டிய ஆனைவண்டி

காரைக்கால் பக்கம் தருமபுரத்தில் ஹைட்ராலிக் ஹோஸ் கடை வைத்திருக்கும் சில்வியாவைப் பொறுத்தவரை, ஹோஸ் போட்டால் தீராத வியாதி உலகத்தில் கிடையாது. கல்யாணத்துக்கு முன்பு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள். ரப்பர் ஹோஸ் முனையில் இரும்புப் பூணை வைத்து நசுக்கும் மிஷினைக் கணவன் ஜாக்சன்தான் வாங்கிப் போட்டான். அவனுக்கு அளவெடுக்க வரவில்லை. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இவள் கடைக்குப் போனாள். அவன் சமையலுக்குப் போனான். இருவருக்கும் அதுவே பொருந்தியும் விட்டது.

ஜேசிபி, விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் எல்லாம் அவளிடம்தான் வரும். வீட்டிலும் துணிக்கொடி ஹோஸ், ஊஞ்சலுக்கு ஹோஸ். நாயை ஹோஸில்தான் கட்டியிருந்தாள். அதைக் கடித்துப் பார்த்ததில் நாய்க்கு ஒரு பல் போனதுதான் மிச்சம்.

திருமலைராயன்பட்டினத்தில் மரவாடி வைத்திருக்கும் ஜெகபர் சாதிக் ஒரு நாள் வந்தார். அவரிடம் அந்தமான் காட்டில் மரம் இழுத்துக் கிழடான வண்டி ஒன்று இருந்தது. ஆனை செய்கிற வேலையைச் செய்வதால் அதற்கு ஆனைவண்டி என்று பேர். உப்புக்காற்றில் அதன் பிரேக் பைப்புகள் துருவேறி இற்றுப் போயிருந்தன. டிரைவர் அஜ்மீர் மரத்தூள் மேட்டில் முட்டித்தான் வண்டியை நிறுத்துவான்.

"பைப்பு மாத்தி மாத்திச் சலிச்சிப் போச்சும்மா. ஹோஸு போட முடியுமா?"

"என்ன பாய் இப்படிக் கேட்டுட்டீங்க? பாறையைத் தூக்குற ஹோஸு. உங்க பிரேக்கைத் தாங்காதா?"

கைக்கும் இடுப்புக்கும் அளவெடுப்பதுபோல வண்டியை அளந்து, நாலு சக்கரத்துக்கும் கட்டை விரல் தண்டிக்கு ஹோஸ் மாட்டினாள். பிரேக் ஆயில் ஊற்றி அஜ்மீர் மிதித்தான். ஆனை நின்றது. வெறும் தரையில் வண்டி நின்றதை மரவாடியே கூடி நின்று பார்த்தது. ஜெகபர் சாதிக்கின் மனைவி ரோஷன் பேகம் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி எல்லாருக்கும் பாயசம் கொடுத்தார்.

கொஞ்ச நாள் கழித்து, நாகூர் பக்கம் புளியமரத் துண்டு ஏற்றப் போன அஜ்மீர், வாஞ்சூர் எல்லையில் குறுக்கே வந்த ஆட்டுக்காகப் பிரேக் மிதித்தான். ஆடு பிழைத்துப் போனது. காலை எடுத்த பிறகும் பிரேக் விடவில்லை. முன்சக்கரம் தமிழ்நாட்டிலும் பின்சக்கரம் புதுச்சேரியிலுமாக ஆனை படுத்துக்கொண்டது.

சேதி கேட்டுச் சில்வியா ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பக்கத்துப் போலீஸ்காரர்களும் இது உங்க கேஸ் என்று வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

"இஞ்சின் எங்க பக்கம் இருக்கு சரி. டிரைவர் சீட்டு உங்க பக்கம்ல இருக்கு?" என்றார் தமிழ்நாட்டுக்காரர்.

"மூஞ்சி எந்த ஊரைப் பாக்குதோ அந்த ஊரு கேஸுங்க," என்றார் காரைக்கால்காரர்.

அவள் வண்டிக்கடியில் புகுந்து ஒரு ஹோஸைக் கழற்றி, கத்தியால் நெடுக்க வகுந்தாள். உள் ரப்பர் தண்ணீரில் ஊறிய கொண்டைக்கடலையாக உப்பி, துளையையே அடைத்திருந்தது. அது வின்ச் எண்ணெய்க்கான ரப்பர். பிரேக் ஆயில் அதற்கு ஆகாது. மிதிக்கிற வேகத்தில் உள்ளே போன ஆயிலுக்குத் திரும்பி வர வழியில்லை. ஊரில் எத்தனையோ பேர் அவள் ஹோஸைக் குறை சொல்லியிருக்கிறார்கள்; ஹோஸே அவளைக் குறை சொன்னது அன்றைக்குத்தான்.

"என் தப்புதான் அஜ்மீர்," என்றாள்.

"விடுங்கக்கா. பிரேக்கு புடிக்கலைன்னு யாரும் சொல்ல முடியாதுல்ல?"

மற்ற மூன்றையும் கழற்றினாள். ஆயில் பீய்ச்சி அவள் புடவையை நனைத்தது, சக்கரங்கள் விட்டன. அஜ்மீர் ஏறி உட்கார்ந்தான். இரண்டு போலீஸ்காரரும் முதல்முறையாக ஒரே குரலில் கத்தினார்கள்.

"எறங்குய்யா! பிரேக் இல்லாத வண்டியை ரோட்டுல ஓட்டுவியா?"

"பிரேக் இருந்தா நகராது சார்!"

"நகராட்டி நிக்கட்டும்!"

நின்றது. சக்கரங்களுக்குக் கல் கொடுத்தார்கள். ஆடு திரும்பி வந்து வண்டி நிழலில் படுத்துக்கொண்டது. யார் பக்கத்துச் சோறு என்று சண்டை வரக்கூடாதென்று ரோஷன் பேகம் ஒரே மாதிரி இரண்டு தூக்குவாளியில் பிரியாணி அனுப்பினார்.

சில்வியா நாகப்பட்டினம் போய், பிரேக் ஆயிலுக்கென்றே செய்த ஹோஸ் கேட்டாள். கடைக்காரர் எடுத்துப்போட்டது சுண்டுவிரல் தண்டிதான் இருந்தது. இதுவா ஆனையை நிறுத்தும் என்று அவளுக்கு அவமானமாகக்கூட இருந்தது. மறுநாள் காலையில் அதையே மாட்டி, ஆயில் ஊற்றி, உள்ளே அடைத்த காற்றை வெளியேற்றி, அஜ்மீரை மிதித்து மிதித்து விடச் சொன்னாள். பிடித்தது; விட்டது. இருபது தடவைக்கு மேல் மிதிக்கவைத்த பிறகுதான் கல்லை எடுக்க விட்டாள்.

வண்டி முழுசாகத் தமிழ்நாட்டுக்குள் போனதும் காரைக்கால் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். பிறகு தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஏம்மா, இதுக்கும் ஒரு ஹோஸு போட்டுத் தர்றியா? பிரேக்கு சரியா புடிக்க மாட்டேங்குது."

சில்வியா குனிந்து பார்த்தாள். கை தானாகக் கழுத்து டேப்புக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டாள்.

"இது கம்பி இழுக்குற பிரேக்குண்ணே, ஆயிலே கெடையாது. மெக்கானிக்கிட்ட காட்டுங்க," என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஆளை ஹோஸ் இல்லாமல் அனுப்பிய வருத்தத்தோடு ஸ்கூட்டரை உதைத்தாள்.