துளை விழாத கஸ்டர்ட்

எங்கள் வீட்டுக் குசினியில் பிரெஞ்சு முறையில் ஒரு சொக்லேட் கஸ்டர்ட் முதன்முதலாகச் செய்யப்பட்டது இந்த வருடத்து நோன்பு மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. நாட்களைக் குறித்து வைப்பது என் பழக்கம் என்றாலும் இந்த நாளை நினைவில் வைக்க எனக்குக் குறிப்பு தேவைப்படவில்லை. கஸ்டர்ட் பிற்பகலிலேயே தயாராகிவிட்டது. ஆனால் அதை ருசி பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய எதிர்வீட்டு ராத்தா நோன்பு பிடித்திருந்தார். பொழுது சாயும்வரை கிண்ணங்கள் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தன. என் மனைவி குசினிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

ராத்தா கிண்ணியாவில் பிறந்தவர். கலியாணம் முடித்து, துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர். அவர் வீட்டார் அவரை ராத்தா என்று அழைத்ததால் நாங்களும் அப்படியே அழைக்கிறோம். அக்கா என்றுதான் பொருள். வட்டிலப்பம் அவிப்பதில் இந்த ஒழுங்கையில் அவருக்கு நிகர் இல்லை. முட்டையும் தேங்காய்ப்பாலும் கித்துள் கருப்பட்டியும் சேர்த்து ஆவியில் அவிக்கும் அந்தப் பண்டத்தைப் பெருநாளுக்குப் பெருநாள் எங்கள் வீட்டுக்கும் அனுப்புவார். முட்டையும் பாலும் சேர்ந்து இறுகும் எந்தப் பண்டத்துக்கும் அவரே நீதவான் என்று நாங்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

மனைவி ஏன் திடீரென்று பிரெஞ்சுக் கஸ்டர்டில் இறங்கினாள் என்பதைச் சொல்ல வேண்டும். அவள் பல வருடங்களாக வீட்டிலிருந்து கேக் செய்து கொடுத்தவள். பாலையூற்றில் இருக்கும் அவளுடைய சொந்தக்காரரில் பாதிப்பேருடைய பிறந்தநாட்கள் எங்கள் குசினி வழியாகத்தான் போயிருக்கின்றன. எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற காலத்தில் ஓடர்கள் நின்றன. அதன் பிறகு எல்லாம் கிடைக்கத் தொடங்கியபோது ஆட்கள் கடைக் கேக்குக்குப் பழகிவிட்டிருந்தார்கள். ஒரே மகளும் கலியாணம் முடித்து மட்டக்களப்புக்குப் போய்விட்டாள். நானோ கந்தோர் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, நாள் முழுவதும் கதிரையில் புத்தகத்தோடு இருப்பவன்.

"வீட்டில இருந்து செய்தால் அதை ஒருத்தரும் வேலை எண்டு சொல்லுறதில்லை," என்று ஒருநாள் சொன்னாள். "நீங்கள் கூடச் சொன்னதில்லை. 'அவ சும்மா கேக் செய்யிறவ' எண்டுதான் ஆட்களுக்குச் சொல்லுவீங்கள்."

அது உண்மைதான்.

நிலாவெளிக் கரையில் உள்ள ஒரு சிறிய ஹோட்டலுக்கு இனிப்புகள் செய்ய ஆள் தேவை என்ற செய்தி அப்போதுதான் வந்தது. கிழக்குக் கரையின் உல்லாசப் பயணக் காலம் தொடங்குவதற்கு முன் ஆளைப் பிடிக்க வேண்டும் என்று அவர்கள் அவசரப்பட்டார்கள். வருகிறவர்களில் பிரெஞ்சுக்காரர் அதிகம். அவர்கள் சிறிய கிண்ணங்களில் கேட்கும் ஒரு சொக்லேட் கஸ்டர்ட் இருக்கிறது, அதைச் செய்து கொண்டுவந்து காட்டுங்கள் என்று ஹோட்டலின் தலைமைச் சமையற்காரர் தொலைபேசியில் சொன்னார். செய்முறையையும் அனுப்பினார். வேறு ஒருவரும் கேட்டிருப்பதாகவும், அந்தப் பொடியன் ஹோட்டல் பயிற்சி முடித்தவன் என்றும் சேர்த்துச் சொன்னார். மனைவிக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. இது தவறினால் இன்னொருவர் கேட்கப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

பிரெஞ்சுக்காரர் ஆயிரத்து எழுநூற்று எண்பத்திரண்டில் இந்தத் துறைமுகத்தைப் பிடித்துச் சிறிது காலம் வைத்திருந்த கதையை நான் அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். அவள் முட்டையை உடைத்தபடியே கேட்டாள்.

"பிடிச்சவங்கள் என்னத்தை விட்டிட்டுப் போனவங்கள்?"

"ஒண்டும் பெரிசா இல்லை."

"போத்துக்கீசர் குசினி, கதிரை எண்ட சொல்லுகளைத் தந்திட்டுப் போனவங்கள் எண்டு நீங்கள்தானே சொல்லுவீங்கள். இவங்கள் இந்தக் கஸ்டர்டையாவது எங்கட ஆட்களுக்குப் பழக்கிப்போட்டுப் போயிருக்கலாம். எனக்கு இவ்வளவு கரைச்சல் வந்திராது."

செய்முறை பார்வைக்கு எளிது. பாலையும் கிரீமையும் சூடாக்கிக் கறுப்புச் சொக்லேட்டை அதில் கரைக்க வேண்டும். சீனியோடு கலந்த மஞ்சள் கருவில் அதை மெல்ல ஊற்றி, வடித்து, கிண்ணங்களில் நிரப்ப வேண்டும். கிண்ணங்களைச் சுடுதண்ணீர்த் தட்டில் நிறுத்தி, மூடி, ஓவனுக்குள் வைக்க வேண்டும். மஞ்சள் கரு மட்டும்தான் தேவை என்பதால் வெள்ளைக் கரு முழுவதும் என் பங்குக்கு வந்தது. அந்த மாதம் நான் சாப்பிட்ட வெள்ளை ஒம்லெட்டுகளைப் பற்றித் தனியாக எழுதலாம்.

அன்று முதல் முறை முட்டை திரைந்துபோனது. இரண்டாவது முறை நன்றாக இறுகியது. கரண்டியால் வெட்டிப் பார்த்தபோது உள்ளே சின்னச் சின்னத் துளைகள், தேன்கூடு போல. மனைவியின் முகம் மலர்ந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. வட்டிலப்பம் சாப்பிட்டு வளர்ந்த எவரும் முதலில் பார்ப்பது துளையைத்தான். துளை விழுந்தால் பாகு அதற்குள் இறங்கி நிற்கும். துளை இல்லாவிட்டால் அவித்தவருக்குக் கை வரவில்லை என்று அர்த்தம்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் ராத்தா பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தார். கஞ்சி குடித்தார். பிறகு கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். நல்லா ஓட்டை விட்டிரிக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். நானும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை மனைவி அதே பக்குவத்தில் மறுபடி செய்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, நிலாவெளி பஸ்ஸில் கொண்டுபோனாள். மத்தியானத்துக்குள் திரும்பிவிட்டாள். பெட்டியைக் குசினி மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஓட்டை விழுந்தது பிழையாம்," என்றாள்.

"எது பிழை?"

"ஓட்டைதான். ஓட்டை விழுந்தால் கஸ்டர்ட் கொதிச்சுப் போச்சு எண்டு அர்த்தமாம். பிரெஞ்சுக்காரன் கரண்டியைப் போட்டு ஒரு ஓட்டையைக் கண்டால் திருப்பி அனுப்பிப்போடுவானாம்."

சமையற்காரர் நீர்கொழும்புக்காரர், நல்ல மனிதர். சுவை நல்லம் அக்கா, கை நல்லம், ஆனால் இது அளவுக்கு மேல் வெந்துவிட்டது என்றாராம். பெருநாள் முடிந்து வரும் வியாழக்கிழமை வந்து என் கண் முன்னால் செய்து காட்டுங்கள், அந்தப் பொடியனும் அன்றைக்குத்தான் வருவான் என்றும் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை ராத்தாவுக்கு இந்தக் கதை போனபோது அவருக்குக் கோபம்.

"அப்ப எங்கட வட்டிலப்பத்தையெல்லாம் அவர் குப்பையிலயா போடுவாரு?"

"வட்டிலப்பம் வேற, இது வேறயாம்."

"முட்டை முட்டைதானே. நோன்பு திறந்த வாய்க்கு எதுவும் ருசிக்கும் எண்டு என்னைச் சொல்லுறாரு போல."

அது எனக்கும் தோன்றியிருந்தது. ஆனால் நான் நோன்பு பிடிக்கவில்லை. மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டிருந்தேன். எனக்கும் அது ருசித்தது. ஒரே குமிழி ஒரு வீட்டில் கைத்திறனாகவும், பஸ்ஸில் போய் இறங்கும் தூரத்தில் இன்னொரு குசினியில் குற்றமாகவும் இருப்பதைப் பற்றி நான் இரண்டு நாள் யோசித்தேன். இரண்டு பேரும் பார்ப்பது ஒன்றைத்தான். சூடு முட்டையைத் தாண்டிப் போன இடத்தில் விழும் அடையாளம் அது. அதை வரவேற்கும் வாயும் இருக்கிறது, வெறுக்கும் வாயும் இருக்கிறது. எது சரி என்று கேட்பது, கடற்கரையில் நின்று காற்று எந்தப் பக்கத்துக்குச் சொந்தம் என்று கேட்பது போல.

மனைவிக்கு இப்படி யோசிக்க நேரம் இருக்கவில்லை. பெருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் அவள் எதிர்வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"ராத்தா, பெருநாளுக்கு இண்டைக்குத்தானே வட்டிலப்பம் அவிப்பீங்கள். நான் நிண்டு பார்க்கட்டோ?"

"பழகப் போறீங்களா?"

"இல்லை. ஓட்டை விழ நீங்கள் என்னென்ன செய்யிறீங்களோ அதெல்லாத்தையும் செய்யாமல் விடப் போறன்."

ராத்தா சிரித்தார். "இப்பிடி ஒரு பிள்ளைக்கு நான் பாடம் சொன்னதில்ல. நல்ல நாளும் அதுவுமா என்ட குத்தத்த எண்ண வாறீங்க. வாங்க, வந்து எண்ணுங்க."

அவர் முட்டையை நுரை பொங்க அடித்தார். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள். கருப்பட்டிப் பாலைச் சூடு ஆறமுன் சேர்த்துத் திரும்பவும் அடித்தார். நுரையோடு சேர்த்தே பாத்திரத்தில் ஊற்றினார். அடுப்பை முழுதாக எரியவிட்டு, "தண்ணி கீழ துள்ளணும். துள்ளாட்டி மேல எதுவும் நடக்காது," என்றார். பாத்திரத்தின் வாயில் துணியைக் கட்டி மூடியை வைத்தபோது மட்டும் மனைவி தலையசைத்தாள். மூடியில் சேரும் தண்ணீர் உள்ளே சொட்டக் கூடாது என்பது இரண்டு பண்டங்களுக்கும் பொது.

மறுநாள் காலை பெருநாள் வட்டிலப்பம் வந்தது. வழக்கம்போலத் துளைகள் நிறைந்து அருமையாக இருந்தது. பின்னேரம் மனைவி தன் கஸ்டர்டைத் தொடங்கினாள். மஞ்சள் கருவை அடிக்காமல் மரக்கரண்டியால் சும்மா சுற்றிக் கலந்தாள். மேலே வந்த ஒன்றிரண்டு குமிழிகளைக் கரண்டி விளிம்பால் எடுத்து எறிந்தாள். ஓவனின் சூட்டைக் குறைத்தாள். தட்டில் இருந்த தண்ணீர் நடுங்கக்கூடாது என்று கண்ணாடி வழியாகப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். விளிம்பு இறுகி நடு இன்னும் அசையும் நேரத்தில் வெளியே எடுத்தாள்.

குளிர்ந்த பிறகு வெட்டிப் பார்த்தோம். ஒரு துளை இல்லை. காற்று விழுந்த நேரத்து உட்துறைமுகத் தண்ணீர் போல வழவழப்பாக இருந்தது. ராத்தாவையும் கூப்பிட்டு, நாங்கள் மூவரும் ஆளுக்கொரு கிண்ணம் எடுத்தோம். இனி நோன்பைச் சாட்டாகச் சொல்லவும் முடியாது.

ராத்தா முதலில் பேசினார். "தங்கச்சி, ஒண்டும் நினைக்காதீங்க. இது வேகல்ல."

நான் பொய் சொல்ல விரும்பவில்லை. நல்ல சுவைதான், ஆனால் வாய்க்குள் எதுவும் நடக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது என்றேன்.

மனைவி கடைசிக் கரண்டியையும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "எனக்கும் வேகாத மாதிரித்தான் கிடக்கு. ஆனால் இதுதான் அவர் கேட்டது. என்ர வாய் சொல்லுறதைக் கேட்டால் எனக்கு அந்த வேலை இல்லை."

"பிடிக்காததை எப்பிடி நீர் நாளாந்தம் செய்வீர்?" என்று கேட்டேன்.

"நீங்கள் கந்தோரில எழுதின கடிதமெல்லாம் உங்களுக்குப் பிடிச்சே எழுதினனீங்கள்?"

ராத்தா சத்தமாகச் சிரித்தார்.

வியாழக்கிழமை நடந்ததை நான் காணவில்லை. அவள் சொன்னதை எழுதுகிறேன். ஹோட்டல் குசினியில் அவளும் அந்தப் பொடியனும் பக்கத்துப் பக்கத்து மேசையில் நின்று செய்தார்கள். பொடியனின் கை வேகமானது. அவள் மெதுவாகச் செய்தாள். ஓவனுக்குள் கிண்ணங்கள் இருந்தபோது சமையற்காரர் வந்து, "அக்கா, எடுக்கலாமா?" என்று கேட்டார். அந்த நொடி அவளுக்கு நாக்கும் மனமும் இன்னும் கொஞ்சம் விடு, பச்சையாக இருக்கும் என்றுதான் சொல்லின. அவள் ஓம் என்று சொல்லி எடுத்துவிட்டாள். "வேகாததைக் குடுக்கிறன் எண்டுதான் நினைச்சுக்கொண்டு எடுத்தனான். நடு இன்னும் ஆடிக்கொண்டு கிடந்தது," என்றாள். குளிர வைத்த பிறகு சமையற்காரர் இரண்டு பேருடையதிலும் கரண்டியைப் போட்டார். பொடியனுடையதில் அடிப்பக்கத்தில் ஒரு வரிசை துளை. அவளுடைய கிண்ணத்தை அவர் முழுதாகச் சாப்பிட்டு, திங்கட்கிழமை வரச் சொன்னார். பொடியனையும் காலைச் சாப்பாட்டுப் பகுதிக்கு எடுத்திருக்கிறார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். அது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

அந்தத் திங்கட்கிழமை அவள் காலை பஸ்ஸுக்குப் போனபோது ஒழுங்கை முனையில் ஒருவர் என்னிடம் அவள் எங்கே போகிறாள் என்று கேட்டார். வேலைக்கு என்று நான் சொன்னேன்.

வைகாசியில் ஹோட்டல் நிரம்பிவிட்டது. ஒருநாள் அங்கே ஓவனின் சூடு கட்டுப்பாட்டை மீறி ஒரு தட்டுக் கிண்ணங்கள் கொதித்துப்போயின. எறியச் சொன்னதை அவள் கேட்டு வாங்கி, ஐஸ்கிரீம் டப்பாவில் வழித்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ராத்தாவுக்கு ஆள் அனுப்பினேன். டப்பாவைத் திறந்தால் தேன்கூடு. நானும் ராத்தாவும் கரண்டியோடு உட்கார்ந்தோம். ராத்தா கருப்பட்டிப் பாகு வேறு கொண்டுவந்திருந்தார். அதை ஊற்றியதும் துளைகள் குடித்துக்கொண்டன.

"நீங்களும் ஒரு வாய் எடுங்க," என்றார் ராத்தா.

மனைவி எடுத்தாள். வாயில் வைக்க முன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மென்றாள்.

"கொதிச்சுப் போச்சு," என்றாள்.

"நோன்பு மாசம் இதே சாமானத்தச் செஞ்சுபோட்டுச் சிரிச்சுக்கிட்டு நிண்டீங்க."

"ஓம். அதைத்தான் நானும் நினைச்சுப் பார்க்கிறன்." அவள் இன்னொரு கரண்டி எடுத்து, உண்மையாகவே முயன்று, மெதுவாகச் சாப்பிட்டாள். பிறகு கரண்டியை வைத்துவிட்டாள். "இல்லை ராத்தா. மணல் மாதிரிக் கிடக்கு. இனி ஏலாது போல."

ராத்தா என்னைப் பார்த்தார். நான் ராத்தாவைப் பார்த்தேன். வேலைக்காகப் பழகிய வாய் வீட்டுக்கு வரும்போது கழற்றி வைக்கக் கூடியது என்று நான் எங்கோ மனதில் எண்ணியிருந்திருக்கிறேன்.

"அப்ப எங்களுக்குத்தான் கூட," என்று ராத்தா டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, பாதியை என் தட்டில் போட்டார். மனைவி எழுந்து, மறுநாள் ஹோட்டலுக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையை அயன் பண்ணப் போனாள்.