காலியாகத் தெரிந்த பென் டிரைவ்

"கவுண்டர்ல உக்காந்து போன் எடுத்தா போதும்மா. உள் ரூம் வேலையெல்லாம் உனக்கு ஆவாதுலா."

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்த்த கல்யாண வீடியோ ஸ்டூடியோவின் முதலாளி இதைச் சொன்னபோது அவர் கையில் ஒரு சிவப்புப் பென் டிரைவ் இருந்தது. முடித்த வீடியோவை மணமக்களிடம் நாங்கள் அதில்தான் கொடுப்போம். வெல்வெட் வைத்த சின்னப் பெட்டி, மூடியில் தங்க எழுத்தில் இரண்டு பெயர்கள், உள்ளே நகை மாதிரி அந்தப் பென் டிரைவ். நான் அதில் ஒன்றைக் கேட்டிருந்தேன். எதற்கென்று கேட்டார், சொன்னேன். சிரித்துவிட்டு என் பக்கம் தூக்கிப் போட்டார். "இந்தா, வெளையாடு." அவரை எல்லாரும் அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். இத்தனைக்குப் பிறகும் வேறு எப்படியும் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பா பந்திங் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலைக்குப் போனவர். அம்மா கிள்ளானில் ஓர் அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கிறார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என் தேர்ச்சி அறிக்கைகளை வருடா வருடம் கையில் வாங்கிப் பார்த்ததில், என் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். எத்தனை வரிகளுக்கு நடுவில் இருந்தாலும் விரல் வைத்துக் காட்டிவிடுவார். கணினியில் டிப்ளோமா வாங்கிக்கொண்டு நான் அந்த ஸ்டூடியோவுக்குப் போனது எடிட்டிங் செய்வதற்காக. நேர்காணலில் அங்கிள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுநாள் கவுண்டரில் உட்கார வைத்தார். எடிட்டிங் நடக்கும் உள் அறையில் ஒரு கறுப்பு நாற்காலி இருந்தது. அதில் உட்காருபவரின் பெயர்தான் ஒவ்வொரு கல்யாண வீடியோவின் கடைசியிலும் 'எடிட்டிங்' என்ற சொல்லுக்குக் கீழே வரும். எனக்கு அந்த இடம் வேண்டும். அம்மா ஒரு திரையில் விரல் வைத்து என் பெயரைக் காட்ட வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

நாற்காலியில் இருந்த எடிட்டர் அண்ணன் வேறு வேலை கிடைத்து சிங்கப்பூருக்குப் போனார். அதே மாதத்தில் அந்த அறையின் மேக் கணினியும் படுத்துவிட்டது. ஆறு கல்யாணங்கள் பாதி வேலையில் ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தன. மேக்கில் மட்டுமே திறக்கும் மென்பொருளில் அவை செய்யப்பட்டிருந்ததால் வேறு கணினியில் தொடக்கூட முடியவில்லை. புது மேக் வாங்க அங்கிளுக்கு மனம் வரவில்லை. கடையில் இருந்த இன்னொரு இயந்திரம், காஜாங்கில் மூடிய ஏதோ அலுவலகத்திலிருந்து அவர் எடுத்து வந்த ஒரு மினி பிசி. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். விண்டோஸ் போட்டு ரசீது அடிக்க வைத்திருந்தோம். இதிலேயே மேக்கின் இயங்குதளத்தை ஓட வைக்கலாம் என்று நான் சொன்னேன். மேக்கைச் செய்யும் ஆப்பிள் நிறுவனம் தன் சொந்தக் கணினிகளைத் தவிர வேறெதிலும் அதை ஓட்ட அனுமதிப்பதில்லை. அது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் ஒரு பென் டிரைவுக்குள் சில கோப்புகளைச் சரியாக அமைத்துச் செருகினால், தொடங்கும்போதே அவை குறுக்கே நின்று, இந்தப் பெட்டியும் ஒரு மேக்தான் என்று அதை நம்ப வைத்துவிடும். உலகம் முழுக்க அதைச் செய்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒன்றைச் செய்யத்தான் பென் டிரைவ் கேட்டேன். அப்போதுதான் அங்கிள் சிரித்தார்.

கடை மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து அதில் உட்கார்ந்தேன். முதலில், இதே மாதிரிப் பெட்டி வைத்திருந்த யாரோ ஒருவர் இணையத்தில் போட்டிருந்த கோப்புகளை அப்படியே எடுத்துப் போட்டேன். ஓடவில்லை. வெளியே ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே அவர் பெட்டி வேறு, என் பெட்டி வேறு. எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒவ்வொரு வரியாக நானே எழுதத் தொடங்கினேன். மாற்றிய ஒவ்வொன்றையும் ஒரு பள்ளி நோட்டில் குறித்தேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடும், ஓடும், பிறகு சரியாக ஒரே இடத்தில் திரை இருண்டுவிடும். மூன்று ஞாயிறுகள் அதே இருட்டைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். நான்காவது ஞாயிறு எரிச்சலில் விசைப்பலகையைத் தட்டியபோது கேப்ஸ் லாக்கின் சின்ன விளக்கு எரிந்தது. மறுபடி தட்டினேன், அணைந்தது. பெட்டி சாகவில்லை. உள்ளே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது, படத்தை மட்டும் தவறான துவாரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு வரியை மாற்றினேன். திரை விழித்தது. அன்று சாவி கொடுக்க வந்திருந்த அங்கிள் எதிர்க்கடையிலிருந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கி வந்து என் பின்னால் நின்று வெகு நேரம் பார்த்தார். "கெட்டிக்காரிமா நீ. இனிமே அந்த நாற்காலி உனக்குத்தான்" என்றார். நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லாமலே இருந்திருந்தால் அவரை மறப்பது எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பிறகு அங்கிளின் அக்கா மகன் வந்தார். என் வயதுதான் இருக்கும். "இவனுக்குக் கொஞ்சம் காட்டிக் குடும்மா, ஒரு மாசந்தான்" என்றார் அங்கிள். எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். மாதம் முடிந்தபோது நாற்காலி அக்கா மகனுடையதாகிவிட்டது, கவுண்டர் மறுபடி எனக்கு வந்தது. யாரும் எதையும் அறிவிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை உள்ளே போனபோது என் நோட்டும் தண்ணீர்ப் புட்டியும் கவுண்டர் மேசைக்கு வந்திருந்தன, அவ்வளவுதான். என் பெட்டியிலிருந்து வெளியே போன முதல் கல்யாண வீடியோவைக் கைத்தொலைபேசியில் அம்மாவிடம் காட்டினேன். கடைசி வரைக்கும் அசையாமல் பார்த்தார். பெயர்கள் ஓடி முடிந்தன. "உன் பேரு எங்கம்மா?" என்றார். தான்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று நினைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை போடச் சொன்னார்.

பெட்டியில் ரசீதுக்கான விண்டோஸும் இருந்தது. அது அப்டேட் ஆகும்போது என் கோப்புகளை இரண்டு முறை கெடுத்தது. ஆகவே அவற்றை உள்ளே வைக்காமல் சிவப்புப் பென் டிரைவிலேயே விட்டு, அதைப் பெட்டியின் பின்னால் நிரந்தரமாகச் செருகியிருந்தேன். அந்தக் கோப்புகள் இருக்கும் பகுதி சாதாரணமாகக் கண்ணில் படாது, திறந்து பார்த்தால் பென் டிரைவ் காலியாகத்தான் தெரியும். அதனால் 'எடுக்க வேண்டாம்' என்று எழுதி ஒட்டியிருந்தேன். அங்கிள் அதைப் பிய்த்துப் போட்டார். "கஸ்டமர் பாத்தா கேவலம்லா. டூப்பு மாதிரி இருக்கு." அதற்குப் பதிலாகப் பெட்டியின் மேல் ஓர் ஆப்பிள் ஸ்டிக்கரை ஒட்டினார். வருபவர்களிடம் புது மாடல் என்று சொல்லிக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. கடையில் எல்லாக் கணினிகளையும் அணைத்து, துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்போம். ஆராத்தி காட்டியதும் நல்ல நேரத்தில் ஒவ்வொன்றாகத் திறப்பது வழக்கம். அதற்கு முந்தைய ஒரு வாரம் ரசீதுகளைக் கையால்தான் எழுதினோம், மினி பிசி அணைக்கப்படாமல் மேக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர்கள் சிலர் வந்திருந்தார்கள், பூக்கடை ஆன்டி வந்திருந்தார். அங்கிள் ஆப்பிள் ஸ்டிக்கரின் மேலேயே பொட்டு வைத்து, கும்பிட்டு, பொத்தானை அழுத்தினார். திரையில் விண்டோஸ் வந்தது. "என்னங்க அங்கிள், நீங்க கூப்ட்ட சாமி வேற, வந்த சாமி வேறயா?" என்றார் ஆன்டி. எல்லாரும் சிரித்தார்கள். அங்கிள் முகம் சிவந்து என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கே சொன்னேன்லா, உனக்கு ஆவாதுன்னு. என்னத்த பண்ணி வெச்சிருக்க?"

நான் பெட்டியின் பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். பென் டிரைவ் இல்லை. அக்கா மகன் மெதுவாகச் சொன்னார். "புது ஸ்டாக்கு வரல. பின்னாடி ஒண்ணு இருந்துச்சு, காலியாத்தானே இருந்துச்சு." அதை அழித்து, ஒரு கல்யாண வீடியோவை ஏற்றி, வெல்வெட் பெட்டியில் வைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த மணமக்கள் அதோடு பினாங்குக்குப் போய்விட்டார்கள். ஓடும்வரை பெட்டிக்கு அது தேவைப்படவில்லை, அணைத்துத் திறக்கும்போதுதான் தேவை. அதனால் ஒரு வாரம் யாருக்கும் தெரியவில்லை.

அதே கோப்புகளோடு இன்னொரு சிவப்புப் பென் டிரைவை நான் வீட்டில் வைத்திருந்தேன். கிள்ளானுக்கு ரயிலில் போய் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது பூஜைக்கு வந்தவர்கள் எல்லாரும் போயிருந்தார்கள், தட்டில் கொஞ்சம் சுண்டல் மட்டும் மிச்சம். செருகினேன், மேக் வந்தது. கோப்புகளை, வழியில் வாங்கிய ஒரு புதுப் பென் டிரைவில் எடுத்துப் பின்னால் செருகிவிட்டு, என்னுடையதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அங்கிள் போனில் ஒரு வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்ல பாஸ், நம்ம அக்கா மவன் பாத்து சரி பண்ணிட்டான்." நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்தார். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. நான் கைப்பையை மாட்டிக்கொண்டு ரயிலுக்கு நடந்தேன். அந்த மாதக் கடைசியோடு நின்றுவிட்டேன்.

இன்று காலை அங்கிளிடமிருந்து குரல் செய்தி வந்தது. "அம்மாடி, பொட்டி மறுபடி விண்டோஸுக்கே போவுதுமா. ரெட் பென் டிரைவ் ஒண்ணு உங்கிட்ட இருந்துச்சுலா? யார்கிட்டயாச்சும் குடுத்து வுடு." இரண்டு முறை கேட்டேன். அவருக்கு வேண்டியது பென் டிரைவ். என்னை வரச் சொல்லவில்லை. அதை மறுபடி முதலிலிருந்து எழுத என்னால் முடியும், நோட்டு என்னிடம் இருக்கிறது என்பது அவருக்கு ஞாபகம்கூட இல்லை.

"என்கிட்ட இல்ல அங்கிள்" என்று பதில் அனுப்பினேன். பொய்யில்லை. கிள்ளானில் எங்கள் வீட்டு முன்னறையில் இப்போது இன்னொரு மினி பிசி ஓடுகிறது. மேலே ஸ்டிக்கர் கிடையாது. விண்டோஸும் கிடையாது, ஆகவே கோப்புகள் உள்ளேயே இருக்கின்றன, வெளியே எதையும் செருக வேண்டியதில்லை. அதில் நான் தனியாகச் செய்த முதல் கல்யாண வீடியோவைப் போன வெள்ளிக்கிழமை முடித்தேன். பந்திங்கில் நடந்த கல்யாணம். கடைசியில் பெயர்கள் ஓடியபோது அம்மா எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தார், வரி நகர நகர விரலும் கூடவே மேலே போனது. அதன் பிறகு கைப்பையில் இருந்த சிவப்புப் பென் டிரைவை எடுத்து, என் கையாலேயே அழித்து, அந்தக் கல்யாணத்தை ஏற்றினேன். அது இப்போது பந்திங்கில் மணப்பெண்ணின் வீட்டில் இருக்கிறது.