நாற்பத்தேழு ஹேர்ட்ஸ்

அந்த விடைத்தாளில் பிழையென்று நான் போட்ட சிவப்புப் புள்ளடி இன்னும் கண்ணில் நிற்கிறது. அவ்வளவு பெரிதாகப் போட்டிருக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். விஞ்ஞானம் படிப்பிக்க வந்து ஓராண்டுகூட ஆகாத எனக்குப் பிழை பிடிப்பதில் தனி உற்சாகம். ‘உங்கள் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் மீடிறன், அதாவது அதிர்வெண், என்ன?’ என்று கேட்டிருந்தேன். லாம்பு வெளிச்சத்தில் படிக்கும் பிள்ளைகள்கூட ஐம்பது ஹேர்ட்ஸ் என்று மனப்பாடமாக எழுதியிருந்தார்கள். தேயிலைத் தொழிற்சாலை டைனமோவைப் பார்த்துக்கொள்பவரின் மகள் மட்டும் நாற்பத்தேழு என்று எழுதியிருந்தாள்.

அது சும்மா ஒரு தவணைப் பரீட்சை அல்ல. முதலாவதாக வரும் ஒரு பிள்ளையைத்தான் நகரத்துப் பள்ளிக்கூடம் விடுதியோடு எடுத்துக்கொள்ளும். அந்தக் கேள்விக்கு இரண்டு புள்ளி. அவள் ஒரு புள்ளியால் இரண்டாவதாக வந்தாள்.

மறுநாள் தாளோடு மேசையருகில் வந்து நின்றாள்.

“நான் மீட்டரப் பாத்துட்டுத்தாங்க எழுதினேன், சார். எங்க வீட்டு லைட்டு ஃபெக்டரி டைனமோவுலருந்துதான் வருது.”

“புத்தகத்துல என்ன இருக்கு?”

“அம்பது. அது புத்தகத்துக் கரண்டுங்க, சார்.”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. போய் உட்காரச் சொல்லிவிட்டேன்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. சனிக்கிழமை ஆற்றோரத்து டைனமோ அறைக்குப் போனேன். அவளுடைய அப்பா கையைத் துடைத்துக்கொண்டு மீட்டரைக் காட்டினார். வரிசையாக நின்ற சின்னத் தகடுகளில் நாற்பத்தேழுக்கு உரியதுதான் நடுங்கிக்கொண்டிருந்தது. “வெயில் காலத்துல தண்ணி பத்தாதுங்க. கொழுந்து அரைக்கிற ரோலர் ஓடுச்சுன்னா அம்பதுக்கு ஏறவே ஏறாது” என்றார். மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் பெயர்ப் பட்டியல் திங்கட்கிழமை பகல்வரை பள்ளி அதிபரின் மேசை லாச்சியில்தான் கிடந்தது. நாலைந்து தடவை அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். கேள்வியையே யோசிக்காமல் கேட்ட வாத்தியார் என்று சிரிப்பார்களே என்ற பயம், வெட்கங்கெட்ட பயம். பகல் தபாலில் பட்டியல் போய்விட்டது. அடுத்த வருடம் அவள் கொழுந்துக்கூடையோடு மலைக்குப் போவதைப் பார்த்தேன். நான் இடமாற்றம் கேட்டு எழுதினேன்.

பத்து வருடங்களுக்குப் பிறகு பெல்மதுளை பஸ் நிலையத்தில், இடுப்பில் குழந்தையோடு அவள்தான் முதலில் வணக்கம் சொன்னாள். பஸ் வந்துவிடுமோ என்ற பதற்றத்தில் நலம்கூட விசாரிக்காமல் சொல்லிவிட்டேன்.

“அன்னைக்கு நீ எழுதினதுதாம்மா சரி. பிழை விட்டது நான்.”

அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“தெரியுங்க, சார். நீங்க வந்து பாத்துட்டுப் போனத அப்பா அன்னைக்கே சொன்னாரு. திங்கக்கெழம கூப்புடுவீங்கன்னு, பள்ளிக்கூடம் விட்ட பொறகும் கொஞ்ச நேரம் நின்னேன்.”