ஏழு மணிக்குத் தளரும் கால்கள்

2024 ஜனவரி 9, செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி பத்து நிமிடம். மேகம் இல்லை. வராந்தாவில் ஆறு டிகிரி; விடிவதற்குள் புல்லில் உறைபனி விழும். மலைமேல் பெர்ன்ஹில்லில் எங்கள் வீட்டு முன்னறையிலிருந்து சமையலறைக்கு என் மனைவியின் நடையில் பதினான்கு அடி. அன்று ஒன்பதாவது அடியில் கால் மடங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ். நரம்பின் மேலுறையை உடம்பே அரிக்கும் நோய். பதினோரு வருடத்தில் இரண்டு முறை கடுமையாகத் தாக்கியது; இரண்டு முறையும் எழுந்து நடந்துவிட்டாள். மூன்றாவது முறை எழ மாட்டாள் என்று எனக்குப் பயம். ஞாயிறுதோறும் சர்ச்சின் இருபத்து மூன்று படிகளையும் தன் காலாலேயே ஏற வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம்.

நான் எஸ்டேட் ஆபீசில் முப்பத்தெட்டு வருடம் கணக்கு எழுதியவன். நோட்டில் குறிக்கத் தொடங்கினேன். பன்னிரண்டு மாலைகளில் ஒன்பது மாலை கால் தளர்ந்தது. பதிமூன்றாம் நாள் சக்கர நாற்காலி ஒன்று வாங்கி வந்து அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். அதை மறைக்கும் அளவுக்கு அலமாரி பெரிதில்லை.

"ஏனுங்க, இது யாருக்கு?"

"சும்மா இருக்கட்டும்னு."

"சவப்பெட்டிக்கும் சொல்லி வெச்சுட்டீங்களா?"

மறுநாள் டாக்ஸி வைத்துக் கோயம்புத்தூர் நரம்பு டாக்டரம்மாவிடம் போனோம். அவளுடைய உபாதைகள் பதினேழையும் எண் போட்டு எழுதியிருந்தேன். எது எது இந்த நோயைச் சேர்ந்தது என்று கேட்டேன். டாக்டரம்மா பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டார். அசதி, அவசரமாகச் சிறுநீர் வருவது, மலச்சிக்கல், மறதி, மனச்சோர்வு, இதெல்லாம் சேரலாம். முழங்கால் வலி வயதைச் சேர்ந்தது. தைராய்டு தனி நோய். இந்த நோய் உள்ள சிலருக்கு அதுவும் இருக்கும், ஆனால் அதற்கு மாத்திரை தனி.

"பதினேழு, குறட்டைன்னு போட்டிருக்கே?"

"அது அவரோடதுங்க டாக்டர்," என்றாள் மனைவி.

பிறகு கால். காலையில் எப்படி இருக்கும் என்று டாக்டரம்மா கேட்டார். நான் நோட்டைப் புரட்டினேன். காலை பற்றி ஒரு வரிகூட இல்லை. நடந்ததை நான் எழுதவில்லை. தடுமாறியதை மட்டுமே எழுதியிருந்தேன்.

"காலையில நல்லாத்தானுங்க நடக்கறேன்," என்றாள்.

"புதுசா தாக்கியிருந்தா ஒரு நாளாவது விடாம இருக்கும். இது வந்து வந்து போகுது. ஏழு மணிக்கு முன்னாடி வீட்ல என்ன நடக்குது?"

நடப்பது இதுதான். மலையில் யாருக்கு என்ன வந்தாலும் முதல் வைத்தியம் சூடு. ஆறு மணிக்கு இரும்பு அடுப்பில் கரி மூட்டி, கனிந்ததும் அவள் நாற்காலிக்கு அடியில் தள்ளுவேன். காலில் கம்பளி சுற்றி, ஜன்னலைச் சாத்துவேன். கால் தளரத் தளர இன்னும் கொஞ்சம் கரி போட்டேன்.

"இந்த நோய்க்கு உடம்பு சூடானா பழைய பலவீனமெல்லாம் திரும்பத் தலைகாட்டும் ஐயா. ஆறினா போயிடும். அப்புறம், மூடின ரூம்ல கரிப்புகை ரெண்டு பேரையும் கொன்னுடும். அது வேற விஷயம்."

"கரி தீந்துபோன மூணு நாளும் நான் நல்லாத்தானே நடந்தேன். சூடு தாங்கலைன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.

காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் இப்படி ஆகும் என்று பரிசோதனைக்கு எழுதினார். ஒன்றும் இல்லை. அன்று மாலை அடுப்பு மூட்டவில்லை. ஒரு ஸ்வெட்டரோடு பதினான்கு அடியும் நடந்து போய் டீ போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பின்னாலேயே எண்ணிக்கொண்டு ஏறினேன். இருபத்து மூன்று. பதினெட்டாவது படியில் நின்றது நான்.

நாற்காலியைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார். துவைத்த துணி அதில்தான் கிடக்கிறது. நாற்காலி, டாக்ஸி, டாக்டர், பரிசோதனை எல்லாம் சேர்த்து, மீந்த கரியைக் கணக்கில் கொள்ளாமல், பதினாறாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய்.